முன்தோள் ஏறுகிறது, நாண் கையில் உரசுகிறது: ரிகர்வ் வில்லில் இழுவை நிலையைச் சீர்செய்வது எப்படி?

தெம்பனிஸ் நாண்

அனைவருக்கும் வணக்கம். சமூக மன்றத்தில் அடிப்படை வகுப்பை முடித்த பிறகு சொந்தமாக ஒரு ரிகர்வ் வில் (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) வாங்கி, வார இறுதிகளில் 30 மீட்டர் தொலைவில் பயிற்சி செய்து வருகிறேன். வலக்கையால் நாணை இழுப்பவள். வில்லின் நீளம் 68 அங்குலம். வில்லின் வளையும் கரமான லிம்பின்மேல் அச்சிடப்பட்டுள்ள எடை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, 32 பவுண்டு. என் இழுவை நீளம் ஏறத்தாழ இருபத்தாறரை அங்குலம். போதிய அளவு இழுத்ததும் ஒலி எழுப்பும் கிளிக்கரை இன்னும் பொருத்தவில்லை.

பயிற்சியின் தொடக்கத்தில் அம்புகள் 80 சென்டிமீட்டர் இலக்குத்தாளின் மஞ்சளிலும் சிவப்பிலும் ஓரளவு நெருக்கமாகவே விழுகின்றன. ஒரு மணி நேரம் கடந்ததும் அவை மேலும் கீழுமாகச் சிதறத் தொடங்குகின்றன. பக்கவாட்டில் அவ்வளவாக விலகுவதில்லை. அதே வேளையில், வில்லைப் பிடித்திருக்கும் இடது தோள் காதை நோக்கி ஏறுவது எனக்கே தெரிகிறது. நாண் கைக்காப்பில் உரசும் ஓசையும் அடிக்கடி கேட்கிறது. தோளை இறக்கும்படி பயிற்றுநர் சொல்லும்போதெல்லாம் இறக்குகிறேன்; ஆனால் நாணை முழுவதும் இழுத்து முடிப்பதற்குள் அது மறுபடியும் மேலே போய்விடுகிறது.

இணையத்தில் காணொளிகளைப் பார்த்தால் குழப்பமே மிஞ்சுகிறது. ஒருவர் கால்களைத் திறந்த நிலையில் வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் முதுகுத் தசையால் இழுக்கச் சொல்கிறார், மற்றொருவர் வலது முழங்கையை உயர்த்தச் சொல்கிறார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது என்பதால், எதில் தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மூத்த வில்

வணக்கம், சகோதரி. நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களிலேயே பாதி விடை இருக்கிறது. அம்புகள் பக்கவாட்டில் விலகாமல் மேலும் கீழும் சிதறினால், முதலில் ஐயப்பட வேண்டியது இழுவை நீளத்தைத்தான். ஒவ்வொரு முறையும் நாண் ஒரே அளவு பின்னால் வராவிட்டால் அம்பு புறப்படும் வேகம் மாறும். அரை அங்குலம் குறைந்தாலே அது 30 மீட்டரில் கண்ணுக்குத் தெரியும்படி கீழே இறங்கிவிடும். முன்தோள் ஏறும்போது மேற்கை எலும்பு தோள்மூட்டை நோக்கிச் சரிந்து, வில்லுக்கும் முகத்துக்கும் இடைப்பட்ட தொலைவு சுருங்குகிறது. அப்போது முன்கையும் நாணின் பாதைக்குள் வந்துவிடுவதால் கைக்காப்பில் உரசல் கேட்கிறது. சிதறலும் உரசலும் தோள் ஏறுவதும் ஒரே வேரிலிருந்து கிளம்புபவை. ஆகவே கால் நிலையையும் வலது முழங்கையையும் இப்போதைக்கு மறந்துவிட்டு, முன்தோளில் தொடங்குங்கள்.

உங்கள் பயிற்றுநர் சொல்வது சரியான அறிவுரைதான். அதை எப்போது செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாணை எவ்வளவு விசையோடு பின்னால் இழுக்கிறீர்களோ, அதே அளவு விசை வில்லின் பிடி வழியாக இடக்கையைத் தோளுக்குள் தள்ளுகிறது. அந்த முழு விசையும் வந்து சேர்ந்த பிறகு ஏறிய தோளை இறக்குவது மிகவும் கடினம். இறக்கினாலும் அந்த ஒரு அம்புக்கு மட்டுமே இறங்கும். தோள் அமர வேண்டியது வில்லை உயர்த்துவதற்கு முன்பு.

இப்படிச் செய்து பாருங்கள். வில்லைத் தொடைக்கு முன்னால் தாழ்வாகப் பிடித்தபடி விரல்களை நாணில் பதித்து, மிகச் சிறிய இழுவிசை மட்டும் கொடுங்கள். அந்நிலையிலேயே இடது தோளைக் கீழ்நோக்கி இறக்கி, இலக்கின் திசையில் சற்றே நீட்டுங்கள். அக்குளுக்குக் கீழே, விலாவின் பக்கவாட்டில், ஒரு தசை இறுகுவதை உணர்வீர்கள். அந்த இறுக்கம் அம்பு வில்லை விட்டுப் போன பிறகும் தளரக் கூடாது. இப்போது தோளை அங்கேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் உயர்த்துங்கள். பெரும்பாலோர் கையோடு சேர்த்துத் தோளையும் தூக்கிவிடுவார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சதை திரண்டு நிற்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடி முன் வெறுங்கையோடு நின்று, காதுக்கும் தோளுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறாமல் கை உயர்கிறதா என்று பார்த்துப் பழகுங்கள்.

அடுத்தது இடது முழங்கை. கையை நீட்டி உள்ளங்கையைச் சுவரில் பதியுங்கள். முழங்கையின் உட்குழி வானத்தைப் பார்த்திருந்தால், மணிக்கட்டையும் தோளையும் அசைக்காமல் அந்தக் குழி உங்கள் வலப்பக்கம் நோக்கும்படி முழங்கையை மட்டும் திருப்புங்கள். முதலில் திரும்பாது, சில வாரங்களில் பழகிவிடும். கை மிகையாகப் பின்வளையும் உடல்வாகு உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, இந்தத் திருப்பம் ஒன்றே நாண் கையில் படுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். வில்லின் பிடி பெருவிரல் மேட்டில் அழுந்த வேண்டும், ஆயுள் ரேகையைத் தாண்டி உள்ளங்கையின் மறுபக்கத்துக்குப் போகக் கூடாது. விரல்கணுக்கள் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் இருந்தால் பிடி தானாகவே சரியான இடத்தில் அமரும்.

கடைசியாக வில்லின் எடை. லிம்பில் அச்சிட்டிருக்கும் 32 பவுண்டு, 28 அங்குல இழுவைக்கு அளக்கப்பட்டது. அந்த இழுவை நீளமும் பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண்வரை உள்ள தொலைவோடு ஒன்றே முக்கால் அங்குலம் கூட்டிக் கணக்கிடப்படுவது. இந்த அளவுள்ள வில்லில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ இரண்டு பவுண்டு குறையும். எனவே உங்கள் விரலில் விழுவது 29 பவுண்டு அளவில் இருக்கும். அதுவும் இப்போதைக்கு அதிகம் என்பது என் எண்ணம். நாணை முழுவதும் இழுத்து, இழுக்கும் கை முகத்தில் வந்து நிலைகொள்ளும் இடமான ஆங்கரில் வைத்து, தோள் ஏறாமலும் உடல் நடுங்காமலும் 15 விநாடி நிற்க முடிகிறதா என்று சோதியுங்கள். முடியாவிட்டால் சில மாதங்களுக்கு 24 பவுண்டு லிம்புக்கு இறங்குங்கள். இலக்குத்தாளை எடுத்துவிட்டு, அம்புகள் குத்தி நிற்கும் தட்டியிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, எங்கே படுகிறது என்று பார்க்காமல் தோளை மட்டும் கவனித்து எய்யுங்கள்.

எழுபது மீட்டர்

மூத்த வில் ஐயா சொன்னவற்றில் முன்தோளைப் பற்றிய பகுதியோடு முழுவதும் உடன்படுகிறேன். எடையைக் குறைப்பதில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு.

24 பவுண்டுக்கு இறங்கினால் சகோதரி வைத்திருக்கும் அம்புகளின் விறைப்பு அந்த வில்லுக்குப் பொருந்தாது. பார்வைக்கருவியில் குறித்து வைத்த அளவுகள் எல்லாம் மாறும். மறுபடியும் 32-க்கு ஏறும்போது அதே வேலையை இரண்டாம் முறை செய்ய வேண்டும். லிம்புகளும் மலிவானவை அல்ல. 50 மீட்டருக்கும் பிறகு 70 மீட்டருக்கும் போக விரும்பும் ஒருவர், எடையைக் கண்டு பின்வாங்குவதைவிட அந்த எடையிலேயே வலிமையை வளர்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். என் வழி இது: நாணை இழுத்து, ஆங்கரில் நிறுத்தி, எய்யாமல் மெதுவாகத் தளர்த்தி இறக்குவது, சற்று ஓய்வெடுத்து மறுபடியும் அதையே செய்வது. தாங்கும் நேரத்தை வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டலாம். எய்வதைவிட இந்தப் பயிற்சியில்தான் முதுகுத் தசைகள் உரம் பெறுகின்றன.

இதைச் செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அம்பு பூட்டாத நாணை எக்காரணத்தைக் கொண்டும் விட்டுவிடக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்புவதால் லிம்ப் பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். அதனால் களத்தில், தட்டியைப் பார்த்தபடி, அம்பு பூட்டிச் செய்வதே பாதுகாப்பு.

கால் நிலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திறந்த நிலையைப் பரிந்துரைக்கும் காணொளிகள் பல, கொரியப் பயிற்றுநர் கிசிக் லீயின் முறையைப் பின்பற்றுபவை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் சைமன் ஃபேர்வெதர் தங்கம் வென்றபோது அவருக்குப் பயிற்சி அளித்தவர் லீதான். 2006-இல் அமெரிக்க அணிக்குச் சென்றார். அந்த முறையில் கால்கள் இலக்கை நோக்கித் திறந்திருக்க, இடுப்புக்கு மேலே உடலைத் திருப்பித் தோள்களை அம்பின் திசைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த முறுக்கலில் நடுவுடல் உறுதிபெறும். ஆனால் திருப்பத் தெரியாதவர் கால்களை மட்டும் திறந்து வைத்தால், நெஞ்சும் சேர்ந்து இலக்கை நோக்கித் திறந்துகொள்ளும். முன்தோள் இன்னும் மோசமாக உள்ளே விழும். தொடக்கநிலையில் இரு கால்களும் தோளகலத்தில், எய்யும் கோட்டுக்கு இருபுறமும் நேராக நிற்பதே போதும்.

மூத்த வில்

எழுபது மீட்டர் அவர்களே, கால் நிலை பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். எடை பற்றிய கருத்தில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தட்டியிலிருந்து நான்கு மீட்டரில் நின்று எய்பவருக்கு அம்பின் விறைப்பு முழுமையாகப் பொருந்தாவிட்டாலும் பெரிய இழப்பில்லை; பார்வைக்கருவி அங்கே தேவையே இல்லை. லிம்பையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. பயிற்சி வில்களின் லிம்புகள் பெரும்பாலான மன்றங்களில் சும்மாவே இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். வில்லின் நடுப்பகுதியான ரைசரில் லிம்பைப் பொருத்தும் திருகாணியைத் தளர்த்தியும் ஓரிரு பவுண்டு குறைக்கலாம். ஆனால் உற்பத்தியாளர் குறிப்பிட்டிருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது, மேலும் கீழும் ஒரே அளவு தளர்த்த வேண்டும்.

தாங்கும் பயிற்சி சிறந்தது என்பதில் ஐயமில்லை. தோள் சரியாக அமர்ந்தவருக்கு அது வலிமை தரும். தோள் ஏறிய நிலையில் தாங்கினால், ஏறிய நிலையையே உடல் மனப்பாடம் செய்துகொள்ளும். பத்தாண்டுகளாக 40 பவுண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு, கழுத்தைச் சுருக்கியபடியே எய்கிறவர்களைக் களத்தில் பார்க்கிறோம். அவர்களிடம் வலிமைக்குக் குறைவில்லை. தோளைத் திருத்த நினைக்கும்போதுதான் திணறுகிறார்கள். சகோதரி இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்; திருத்துவதற்கு இதைவிட எளிதான காலம் அவருக்கு வராது.

இயன்முறை

நான் இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன், வில்வித்தையும் பழகுகிறேன். உடற்கூற்றின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

தோள்பட்டை எலும்பு என்னும் முக்கோணத் தகடு விலா எலும்புக்கூட்டின் பின்புறத்தில் சறுக்கி நகரக்கூடியது. அதைக் கூட்டோடு ஒட்டிப் பிடித்திருப்பது, விலாவின் பக்கவாட்டிலிருந்து கிளம்பி அத்தகட்டின் உள்விளிம்பில் சென்று சேரும் ஒரு தசை. மூத்த வில் ஐயா அக்குளுக்குக் கீழே இறுகும் என்று சொன்னாரே, அது பெரும்பாலும் இதுதான். இதுவும், முதுகின் நடுவிலிருந்து மேலேறும் தசையின் கீழ்ப்பகுதியும் சேர்ந்து உழைத்தால் தோள் தாழ்ந்து நிற்கும். இவை களைத்துப்போனால் கழுத்தையும் தோளையும் இணைக்கும் மேற்புறத் தசை வேலையை ஏற்றுக்கொண்டு, தகடு முழுவதையும் மேலே இழுத்துவிடும். உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பிறகே சிக்கல் தொடங்குகிறது என்பதும் இதனோடு பொருந்துகிறது. நாள் முழுவதும் மடிக்கணினிமுன் தோள்களை முன்னுக்குச் சுருட்டி உட்கார்ந்திருக்கும் நம்மில் பலருக்கு அந்த மேற்புறத் தசை ஏற்கெனவே இறுகியும், கீழ்ப்புறத் தசைகள் சோர்ந்தும் இருக்கும்.

ஏறிய தோளோடு தொடர்ந்து எய்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு. தோளின் உச்சியிலுள்ள எலும்பு விளிம்புக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவே ஒரு குறுகலான இடைவெளி இருக்கிறது. கையை உயர்த்த உதவும் தசையின் நாண் அந்த இடைவெளி வழியாகத்தான் செல்கிறது. தோள் சரியாக அமராத நிலையில் மீண்டும் மீண்டும் சுமை ஏற்றினால் அந்தத் தசைநாண் எரிச்சலடையும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவழியில் மட்டும் வலித்து மேலே போனதும் குறைந்தாலோ, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போனாலோ, எய்வதை நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள். அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு எய்வது எவ்வகையிலும் நல்லதல்ல.

வீட்டில் செய்ய மூன்று பயிற்சிகள் போதும். ஒன்று, சுவரில் கைகளை ஊன்றி, முழங்கைகளை மடக்காமல், நெஞ்சைச் சுவரை நோக்கித் தாழவிட்டுப் பிறகு முதுகின் மேற்பகுதி பின்னால் போகும்படி சுவரைத் தள்ளுவது. அசைவு மிகச் சிறியதாக இருக்கும். விலாவின் பக்கத்தில்தான் வேலை நடக்க வேண்டும். இரண்டாவது, இழுபட்டையைக் கதவுப்பிடியில் மாட்டி, தோளைத் தாழ்த்தியபடி முழங்கைகளைப் பின்னுக்கு இழுப்பது. மூன்றாவது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை மட்டும் வெளிப்புறமாகத் திருப்புவது. இரு தோள்களுக்கும் சமமாகச் செய்யுங்கள். வில்லாளிகள் இழுக்கும் பக்கத்தை மட்டும் வளர்த்துக்கொண்டு மறுபக்கத்தை விட்டுவிடுகிறார்கள். இழுபட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் பத்து நிமிடம் நின்று செய்தாலே போதும். வில்லை மட்டும் உறையிலேயே வைத்திருங்கள்.

ஜூரோங் காம்பவுண்ட்

நான் காம்பவுண்ட் வில் எய்பவன். எங்கள் வில்லில் நாணை முழுவதும் இழுத்ததும் உருளைகள் சுமையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. 50 பவுண்டு வில்லில் 75 விழுக்காடு தளர்வு என்றால், தாங்கி நிற்கும்போது விரலில் இருப்பது பன்னிரண்டரை பவுண்டுதான். அப்படியிருந்தும் எங்களிடையே முன்தோள் ஏறும் சிக்கல் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் வில்லின் இழுவை நீளத்தை ஒருவருடைய உடலுக்கு மிஞ்சிய அளவில் அமைத்துவிடுவது. நீளம் மிகுந்தால் உடல் பின்னால் சாயும், தலை பின்னுக்குப் போகும், முன்தோள் மேலேறும். அரை அங்குலம் குறைத்ததும் பலருக்குத் தோள் தானாகவே இறங்கியிருக்கிறது.

ரிகர்வில் நீளத்தை வில் முடிவு செய்வதில்லை, உடல்தான் முடிவு செய்கிறது. ஆனாலும் சகோதரி ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். நாண் முகத்தைத் தேடி வருகிறதா, முகம் நாணைத் தேடிப் போகிறதா? வில்லை உயர்த்துவதற்கு முன்பே தலையை இலக்கை நோக்கித் திருப்பி நிறுத்திவிட்டு, நாண் மூக்கின் நுனியையும் மோவாயையும் தொடும்வரை தலை அசையாமல் இருக்க வேண்டும். கழுத்து முன்னால் நீண்டால் தோளும் அதோடு கிளம்பும்.

நிலை என்பது எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்தது அல்ல என்பதையும் சொல்ல விரும்புகிறேன். நம் சிங்கப்பூரின் நூர் ஷாஹிடா அலிம் பிறவியிலேயே பெருமூளை வாதம் உள்ளவர். காம்பவுண்ட் பிரிவில் 2019-இல் நெதர்லாந்தில் நடந்த உலக உடற்குறையுள்ளோர் வெற்றியாளர் போட்டியில் தங்கம் வென்றார். இந்தியாவின் ஷீத்தல் தேவிக்குக் கைகளே இல்லை. காலால் வில்லைத் தாங்கி, தோளின் வலிமையால் நாணை இழுத்து, தாடையால் விடுகிறார். 2024 பாரிசில் கலப்பு இரட்டையரில் ராகேஷ் குமாரோடு வெண்கலம் பெற்றார். இவர்கள் எய்வதைப் பாருங்கள். ஒவ்வோர் அம்பையும் முன்னைய அம்பைப் போலவே எய்கிறார்கள். தம் உடலுக்கு ஏற்ற ஒரு வரிசையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பிறழாமல் நிற்பதைத்தான் நாம் அவர்களிடம் கற்க வேண்டும்.

செங்காங் அம்மா

நல்ல விவாதம். என் மகனுக்கு 14 வயது. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக வில்வித்தையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். கூடப் பயிலும் பையன்கள் எடை கூடிய வில்லை இழுக்கிறார்கள் என்று சொல்லி, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறான். மேலே எழுதியிருப்பவற்றைப் படித்த பிறகு எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

இயன்முறை

அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. அந்த வயதில் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. தசைநாண் இழுக்கும் இடங்களில் அவை பெரியவர்களின் எலும்பைவிட மென்மையானவை. உயரம் விரைவாகக் கூடும் மாதங்களில் தசை வலிமை அதற்கு ஈடாக வளர்வதில்லை. நேற்றுவரை எளிதாக இழுத்த வில் இன்று கனப்பதாகத் தோன்றலாம். மேலே ஐயா சொன்ன 15 விநாடிச் சோதனையைப் பையனுக்கும் பயன்படுத்துங்கள். தோள் ஏறாமல் தாங்கினால் மட்டும், அதுவும் இரண்டு பவுண்டு அளவில், கூட்டலாம். நண்பனின் வில்லோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஓர் அங்குலம் கூடுதலாக இழுப்பவனுக்கு அதே லிம்ப் இரண்டு பவுண்டு கூடுதலாக இருக்கும்.

மூத்த வில்

இன்னொன்றையும் சேர்க்கிறேன், அம்மா. பையன் வளர வளர இழுவை நீளமும் கூடும். அம்பின் நீளம் அப்படியே இருக்கும். அம்பு குட்டையாகிவிட்டால், முழுவதும் இழுக்கும்போது அதன் முனை வில்லிலுள்ள அம்புத்தாங்கியிலிருந்து பின்னால் நழுவி வில்லுக்கு உட்புறம் விழக்கூடும். அந்நேரத்தில் நாணை விட்டுவிட்டால் கையிலேயே பாய்ந்துவிடும். ஒவ்வொரு பள்ளித் தவணையின் தொடக்கத்திலும் அம்பின் நீளத்தைப் பயிற்றுநரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வில்லின் எடையைவிட இதையே நான் முதலில் கேட்பேன்.

தெம்பனிஸ் நாண்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மன்றத்தில் 24 பவுண்டு லிம்பை இரவல் வாங்கி, தட்டிக்கு அருகில் நின்று மட்டும் எய்து வந்தேன். வில்லைத் தாழ்வாகப் பிடித்தபடியே தோளை அமர்த்துவது முதலில் செயற்கையாகத் தோன்றியது. இப்போது அப்படிச் செய்யாமல் வில்லை உயர்த்தினால்தான் ஏதோ குறைவது போல இருக்கிறது. முழங்கையைத் திருப்பப் பழகிய பிறகு நாண் உரசும் ஓசை நின்றுவிட்டது.

நண்பர் ஒருவர் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் காணொளி எடுத்துத் தந்தார். அதைப் படம் படமாக நிறுத்திப் பார்த்ததில் சில புதிய விஷயங்கள் தெரிந்தன. உடலின் பாரம் குதிகால்களில் இருக்கிறது. நாணை இழுக்கத் தொடங்கியதும் இடுப்பு முன்னால் தள்ளப்பட்டு, மேலுடல் இலக்குக்கு எதிர்த்திசையில் சாய்கிறது. முழுவதும் இழுத்த நிலையில் வலது முழங்கை அம்பின் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் அம்பின் கோட்டை எட்டாமல் வெளிப்பக்கமாகவும் தள்ளியிருக்கிறது. விரல்களும் மணிக்கட்டும் மிகையாக இறுகியிருக்கின்றன. இங்குள்ள புழுக்கத்தில் விரலுறையின் தோல் வியர்வையில் நனைந்து வழுக்குவதால், நழுவிவிடுமோ என்ற அச்சத்தில் விரல்களை இறுக்குகிறேன் என்று நினைக்கிறேன்.

இப்போது தோளைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போகலாமா? கிளிக்கர் பொருத்தும் காலம் வந்துவிட்டதா?

எழுபது மீட்டர்

முன்னேற்றம் மகிழ்ச்சியளிக்கிறது. எடையைக் குறைப்பது பற்றி என் பொதுவான கருத்து மாறவில்லை என்றாலும், உங்களுக்கு அது பலன் தந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது.

பாரத்தை முன்பாதங்களுக்குச் சற்றே மாற்றுங்கள். குதிகால் தரையில் இருக்கட்டும், ஆனால் உடலைத் தாங்குவது பாதத்தின் முன்பகுதியாக இருக்கட்டும். விலா எலும்புகளைக் கீழே இறக்கி, அடிவயிற்றைச் சிறிது இறுக்கினால் இடுப்பு முன்னால் போகாது. வில்லை ஆடாமல் நிறுத்தும் ஸ்டெபிலைசரோடு சேர்த்து இரண்டரை மூன்று கிலோ எடையைக் கைநீட்டிப் பிடிக்கும்போது, அதைச் சமன்செய்ய உடல் பின்னால் சாய்வது இயல்பு. அதை அறிந்தே தடுக்க வேண்டும்.

விரல்களுக்கு வருகிறேன். நாண் விரல்களின் முதல் மடிப்பில் ஆழமாக அமர வேண்டும். நுனியில் பிடித்தால் நழுவும் என்ற அச்சம் வரும், அச்சத்தால் புறங்கை வளையும், வளைந்த கையோடு நாணை விடும்போது அது முகத்தைவிட்டு வெளிப்புறமாகத் தெறிக்கும். ஆழமாகக் கொக்கி போட்டுவிட்டால் விரல்களைத் தவிர முன்கை முழுவதையும் தளரவிடலாம். விரலுறை இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், நடுவில் துண்டால் துடையுங்கள். முன்கை தளர்ந்ததும் முழங்கை தானாகவே பின்னால் சுற்றி அம்பின் கோட்டுக்கு வந்துவிடும்; அதைத் தனியாகத் தூக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

நேர்க்கோட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் இறுதிச்சுற்றில் தென்கொரியாவின் கிம் வூ-ஜினும் அமெரிக்காவின் பிராடி எலிசனும் சமநிலையில் முடித்து, ஒற்றை அம்பு எய்தார்கள். இரண்டும் பத்தில் விழுந்தன. மையத்திலிருந்து கிம்மின் அம்பு 55.8 மில்லிமீட்டர், எலிசனின் அம்பு 60.7 மில்லிமீட்டர். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது 4.9 மில்லிமீட்டர், அதுவும் 70 மீட்டர் தொலைவில்.

மூத்த வில்

கிளிக்கருக்கு வருவோம். தோள் அமராதவரிடம் கிளிக்கரைக் கொடுத்தால், அதை ஒலிக்கச் செய்வதற்காகவே கழுத்தைச் சுருக்கி, தலையைப் பின்னால் இழுத்து, எப்படியாவது ஒரு மில்லிமீட்டர் சம்பாதிக்கப் பார்ப்பார். உங்களுக்கு இனி அந்த அச்சமில்லை. ஆனால் முதலில் முழங்கை கோட்டுக்கு வரட்டும். அதனால் இழுவை நீளம் கால் அங்குலமாவது கூடும், அதற்குமுன் பொருத்தினால் இடத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

பொருத்தும் நாளில் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, தட்டிக்கு அருகில், வழக்கம்போல் ஆங்கருக்கு வாருங்கள். அம்பின் முனை எங்கே நிற்கிறது என்று அவர் குறித்துக்கொள்ளட்டும். பல முறை செய்து, பெரும்பாலும் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக இழுத்தால் ஒலிக்கும்படி கிளிக்கரை அமையுங்கள். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரைக் கையால் இழுக்கக் கூடாது. வலது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர, இடது தோள் இலக்கை நோக்கி நீள, நெஞ்சு இரு பக்கமும் விரிவதில் அது கிடைக்க வேண்டும். ஆங்கருக்கு வந்த மூன்று நான்கு விநாடிகளுக்குள் ஒலிக்காவிட்டால் எய்யாதீர்கள். இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். போட்டியின் நேரடிச் சுற்றில் மாறி மாறி எய்யும்போதுகூட ஓர் அம்புக்கு 20 விநாடி தருகிறார்கள். இறக்கிவிட்டு மீண்டும் இழுக்க அது போதும்.

எடையைக் கூட்டும்போது ஒரேயடியாக 32-க்குத் தாவாமல் இடையில் 28 பவுண்டு லிம்பில் சில காலம் இருங்கள். எடை கூடும்போது இழுவை நீளம் சிறிது குறைவது இயல்பு என்பதால், லிம்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் கிளிக்கரின் இடத்தை மேலே சொன்னபடி மறுபடி அளந்து அமைக்க வேண்டும். 30 மீட்டருக்கான பார்வைக்கருவி அளவை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.